நான்கு மீட்டருக்குள் சிறைப்பட்ட வேகம்

புது தில்லி: 2006-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி மக்களவையில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், சிறிய கார்கள் மீதான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். எது சிறிய கார் என்பதற்கும் அவரே இலக்கணம் வகுத்தார். நீளம் 4,000 மில்லி மீட்டரைத் தாண்டக் கூடாது; பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்கும், டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்கும் மிகக் கூடாது.

நடுத்தர வர்க்கத்துக்கான சலுகை என்றே அதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் அந்த ஒற்றை வாக்கியம், சாதாரண இந்தியர் வாங்கக்கூடிய கார் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிட்டது. நாடாளுமன்றத்தில் அதைப் பற்றி விவாதம் எதுவும் நடந்ததாக நினைவில்லை.

எளிய குடும்பக் காரில் வலிமையான என்ஜினைப் பொருத்தி, விலையுயர்ந்த பந்தயக் கார்களின் சுவையைச் சாமானியருக்கும் எட்டச் செய்வது ஐரோப்பாவில் பழைய வழக்கம். பிரிட்டனில் 1961-ல் மினி கூப்பர் வந்தது. 1976-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் தனது கோல்ஃப் காரை 110 குதிரைத் திறன் கொண்ட 'ஜி.டி.ஐ.' ஆக மாற்றி விற்றது. 5,000 கார்கள் விற்றால் போதும் என்று தொடங்கிய அம்முயற்சியில், முதல் தலைமுறைக் கார் மட்டுமே நான்கரை லட்சத்துக்கும் மேல் விற்பனையானது.

இந்தியாவில் அதே முயற்சி வரிச் சட்டத்தின் சுவரில் மோதிக்கொண்டே வந்திருக்கிறது. 2015 அக்டோபரில் வெளிவந்த பியட் நிறுவனத்தின் அபார்த் புன்டோவே இதற்குத் தெளிவான சான்று. 145 குதிரைத் திறன், விலை ரூ. 9.95 லட்சம். புணே அருகே ரஞ்சன்காவில் தயாரான அக்காரின் நீளம் நான்கு மீட்டருக்குள்தான் இருந்தது. ஆனால் என்ஜின் 1,368 சி.சி.! அந்த 168 சி.சி. கூடுதலுக்காக, சிறிய காருக்கு உரியதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கலால் வரி அதன் தலையில் விழுந்தது. சில ஆண்டுகளில் பியட் என்ற பெயரே இந்தியக் கார் சந்தையிலிருந்து மறைந்தது. அதற்கு வரி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. விற்பனை நிலையங்கள் குறைவாக இருந்ததும் ஒரு காரணம்.

மற்றவர்கள் சட்டத்தை அளந்து பார்த்து வேலை செய்தனர். வோக்ஸ்வேகன் 2013-ல் கொண்டுவந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரின் என்ஜின் 1,197 சி.சி. எல்லைக்கு மூன்று சி.சி. மட்டுமே பாக்கி. டர்போ உதவியுடன் அதிலிருந்து 105 குதிரைத் திறனைப் பெற்றனர். மாருதி 2017 மார்ச்சில் வெளியிட்ட பலேனோ ஆர்.எஸ்., 998 சி.சி. என்ஜினில் 102 குதிரைத் திறனைத் தந்தது. நீளம் 3,995 மில்லி மீட்டர். ஐந்து மில்லி மீட்டர் இடைவெளியில் வரி ஏய்ப்பின்றி வரியைத் தவிர்க்கும் கலையில் நம் பொறியாளர்கள் தேர்ந்துவிட்டனர்.

இந்த வரிசையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. கோவையைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் சரிபாதிப் பங்குடன் தொடங்கிய கூட்டு நிறுவனம், 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. காரை வெளியிட்டது. வழக்கமான டியாகோ பெட்ரோல் கார் 85 குதிரைத் திறன் கொண்டது. இதில் டர்போ என்ஜின், 114 குதிரைத் திறன். பூஜ்யத்திலிருந்து 100 கிலோ மீட்டர் வேகத்தைப் பத்து விநாடிகளுக்குள் எட்டும் என்றனர். விலை ரூ. 6.39 லட்சம். நரேன் கார்த்திகேயனையும், செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தையும் தந்த ஊரிலிருந்து இப்படி ஒரு கார் வந்ததில் வியப்பில்லை. மாத வருவாயை எண்ணிச் செலவிடும் இளைஞரும் கனவு காணக்கூடிய விலை என்பதே அதன் உண்மையான சிறப்பு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகை வரையறை அமலுக்கு வந்தபோது, பலேனோ ஆர்.எஸ். போலவே அதுவும் விடைபெற்றது. அதே ஆண்டில் கோவை நிறுவனத்தின் பாதிப் பங்கையும் டாடாவே வாங்கிக்கொண்டது.

நிறுவனம் செய்யாவிட்டால் போகட்டும், பட்டறையில் கொடுத்து நாமே என்ஜினை மாற்றிக்கொள்ளலாமே என்றால், அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. தயாரிப்பாளரின் மூல வடிவ விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது.

வேகத்துக்கு அரசு ஏன் சலுகை தர வேண்டும் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் மாண்டனர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள். ஆனால் இந்த வரி அளவுகோல் வேகத்தை அளக்கவில்லை, பாதுகாப்பையும் அளக்கவில்லை. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் வைத்திருந்த பலேனோ ஆர்.எஸ். காரும், காற்றுப்பையே இல்லாமல் அந்நாளில் விற்கப்பட்ட மலிவான கார்களும் இதன் கண்ணுக்கு ஒன்றே. அளவு நாடாவால் காரின் நீளத்தை அளக்கலாம். அதில் பயணிப்பவரின் உயிருக்கான உத்தரவாதத்தை அளக்க முடியாது.

ஆட்சி மாறியும் அளவுகோல் மாறவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அதே 4,000 மில்லி மீட்டரும் 1,200 சி.சி.யும் அப்படியே புதிய சட்டத்தில் குடியேறின. சிறிய பெட்ரோல் காருக்கு கூடுதல் தீர்வை உள்பட 29 சதவீதம். எல்லையைத் தாண்டிய நடுத்தரக் காருக்கு பின்னர் 45 சதவீதம் வரை போனது. 2025 செப்டம்பர் 22-ம் தேதி நடைமுறைக்கு வந்த மாற்றத்தில் இவை முறையே 18, 40 சதவீதமாயின. இரண்டும் குறைந்தன என்பது உண்மை. ஆனால் இடைவெளி 16 புள்ளிகளிலிருந்து 22 புள்ளிகளாக விரிந்திருக்கிறது. சுவர் இன்னும் உயர்ந்திருக்கிறது.

இதன் விளைவை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே காணலாம். ஹூண்டாய் அங்கு தயாரித்து 2021-ல் வெளியிட்ட ஐ-20 என் லைன் காரில் இருந்தது 998 சி.சி. என்ஜின், 120 குதிரைத் திறன். அதே ஐ-20 பெயரில் ஐரோப்பியர்களுக்கு அந்நிறுவனம் விற்ற 'என்' கார் 1,600 சி.சி. என்ஜினுடன் 204 குதிரைத் திறன் கொண்டது.

மின்சாரக் கார்களுக்கு மட்டும் இந்த நாடா நீட்டப்படுவதில்லை. நீளம் ஐந்து மீட்டராக இருக்கலாம். திறன் 500 குதிரைகளைத் தாண்டலாம். விலை கோடியைத் தொடலாம். ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான்.