செப்டிக் டேங்குக்குள் ஆள் இறங்க வேண்டாம்! குடை போல விரிந்து கலக்கும் எந்திரம்

பள்ளிப்பட்டு:-

திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூரில் 2023-ம் ஆண்டு மே மாதம் ஒரு பரிதாபம் நடந்தது. தனியார் பள்ளி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன 2 தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிப் பலியானார்கள்.

இந்த மாதிரி சாவுகளைத் தடுக்க சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு எந்திரம் செய்திருக்கிறார்கள். 'ஹோமோசெப்' என்று பெயர். 'எந்திரன்' படத்து சிட்டி மாதிரி இது பாடாது, ஆடாது. முகம்கூடக் கிடையாது. ஆனால் ஆள் இறங்க வேண்டிய இடத்தில் இது இறங்கும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

லாரி இருக்க ஆள் எதற்கு?

பள்ளிப்பட்டு போன்ற சின்ன ஊர் ஆகட்டும், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து வாடகை லைன் வீடுகள் ஆகட்டும், பாதாள சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க்தான் கதி. நிரம்பினால் லாரியைக் கூப்பிடுகிறோம். குழாயை விட்டு உறிஞ்சுகிறார்கள். மேலே நிற்கும் தண்ணீர் வந்துவிடும். அடியில் பல வருஷமாகப் படிந்த மலக்கசடு களிமண் போல இறுகிக் கிடக்கும். அது குழாய்க்கு மசியாது.

அப்போதுதான் அந்தப் பேச்சு வரும்: "கொஞ்சம் இறங்கிக் கிளறி விட்டுடுப்பா." கையில் கொஞ்சம் பணம், சில இடங்களில் ஒரு குவார்ட்டர். அவரும் இறங்குகிறார்.

கிளறியதும் எமன் கிளம்புகிறான். கசடுக்குள் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு குபீர் என்று வெளியே வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் போனதால் ஆபத்தும் போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். உடனே சுருண்டு விழுவார். "ஐயோ" என்று காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதிதான்.

ஆட்டோ டிரைவர் செய்த தியாகம்

2015 நவம்பரில் கேரள மாநிலம் கோழிக்கோட்டில் இப்படித்தான் நடந்தது. பாதாள சாக்கடையில் சிக்கிய 2 தொழிலாளர்களைக் காப்பாற்ற அந்த வழியாக வந்த ஆட்டோ டிரைவர் ஒருவர் இறங்கினார். மூவருமே செத்துப் போனார்கள்.

அந்தச் சம்பவம் என்ஜினீயரிங் படித்த சில கேரள இளைஞர்களை உலுக்கியது. ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற கம்பெனி வைத்து ஒரு ரோபோ செய்தார்கள். சாக்கடைக் குழிக்குள் அதன் கை இறங்கி அடைப்பை அள்ளும். ஓட்டுபவர் மேலே நின்று டி.வி. திரையில் பார்த்தால் போதும். 2018-ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. அதே ஆண்டு கும்பகோணத்துக்கும் வந்து சேர்ந்தது.

அதன் பெயர் பேண்டிகூட். அதாவது பெருச்சாளி. இங்கிலீஷ் வார்த்தை மாதிரி தெரிந்தாலும் தெலுங்கு 'பந்திகொக்கு'தான் மூலம். ஆந்திர எல்லையில் இருக்கும் பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை!

வாய் சின்னது, வயிறு பெரிசு

பெருச்சாளி தெருச் சாக்கடைக்குச் சரி. செப்டிக் டேங்க் வேறு ரகம். அதன் வாய் சின்னது. வயிறு பெரிசு. சின்ன கத்தியை விட்டால் மூலைக்கு எட்டாது. பெரிய கத்தி உள்ளேயே நுழையாது.

இந்தச் சிக்கலைத்தான் ஐ.ஐ.டி. எந்திரவியல் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் கையில் எடுத்தார்கள். மாணவர் திவான்ஷு குமாரின் கடைசி ஆண்டு புராஜெக்டாகத் தொடங்கிய வேலை இது. 2019-ல் 'கார்பன் ஜீரோ சேலஞ்ச்' போட்டியில் காட்டினார்கள்.

வழி என்ன தெரியுமா? குடை! மடக்கிய குடை போலக் கத்திகள் தொட்டி வாய்க்குள் இறங்கும். உள்ளே போனதும் விரியும். மோட்டார் சுழல, இறுகிய கசடு உடைந்து கூழாகும். பம்பு அதை உறிஞ்சி வெளியே தள்ளும். கேட்டால் சின்ன விஷயம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பேப்பரில் போட்ட படம் தொட்டிக்குள் சுழல வருஷக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. சொலினாஸ் என்ற இளம் கம்பெனியும் சபாயி கர்மசாரி அந்தோலன் என்ற தூய்மைத் தொழிலாளர் அமைப்பும் கை கொடுத்தன.

விதவைகள் கையில் எந்திரம்

2022-ல் முதல் 2 எந்திரங்கள் வெளியே வந்தன. யாருக்குக் கொடுத்தார்கள்? பெரிய காண்டிராக்டருக்கு அல்ல. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு. இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் முன்னின்று நடத்தும் குழுக்கள் அவை. தமிழ்நாட்டில் மொத்தம் 10 எந்திரங்கள் கொடுப்பதாக அப்போது திட்டம் இருந்தது. இத்தனை ஊர் இருக்கிற மாநிலத்துக்குப் பத்து எந்த மூலைக்கு?

எந்திரம் வராத ஊரிலும் சட்டம் உண்டு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால் 2013-ம் ஆண்டு சட்டப்படி முதல் தடவையே 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். காண்டிராக்டருக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கான நஷ்டஈட்டை 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு ரூ.10 லட்சத்தில் இருந்து ரூ.30 லட்சமாக உயர்த்தியது.

தொட்டி சுத்தம் செய்ய உதவி கேட்கவும், யாராவது ஆளை இறக்கினால் புகார் செய்யவும் அரசு அறிவித்த போன் நம்பர்: 14420.