எரித்த களிம்பும் இதமான க்ரீமும்

படர்தாமரை வந்தவரை அந்தக் காலத்தில் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கழுத்திலோ முழங்கையிலோ ஊதா மருந்தோ சிவப்பு மருந்தோ அப்பியிருக்கும். சட்டையிலும் அந்தக் கறை இருக்கும். சிவப்பு மருந்துக்குக் காஸ்டெல்லானி பெயின்ட் என்று பெயர். ஆல்டோ காஸ்டெல்லானி இத்தாலிய மருத்துவர். 1903 முதல் 1915 வரை கொழும்பில் வேலை பார்த்தவர். வெக்கையும் வேர்வையும் உள்ள ஊர்களில் தோலில் வளரும் பூஞ்சைகளை அவர் கூர்ந்து ஆராய்ந்தது அங்கேதான்.

அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தது விட்ஃபீல்டு களிம்பு. பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம். வீட்டிலிருந்து சின்ன டப்பா கொண்டுபோனால் கம்பவுண்டர் வழித்துப் போட்டுத் தருவார். தடவினால் திகுதிகுவென்று எரியும். மேல்தோலை அது உரித்துவிடும்; உரிகிற தோலோடு பூஞ்சையும் போகும். கிராமங்களில் சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாற்றில் அரைத்துப் பூசினார்கள், பூவரசங்காயின் மஞ்சள் பாலைத் தடவினார்கள். தொடை இடுக்கில் எதையாவது பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டவர்களும் உண்டு. அந்த நாட்கள் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மருந்துகள் நோயை மறைக்கவில்லை. வட்டம் சுருங்கினால் குணமாகிறது, விரிந்தால் ஆகவில்லை. நோயாளிக்கே அது தெரிந்தது.

1960களின் கடைசியில் க்ளோட்ரிமசோலும் மைக்கோனசோலும் கண்டுபிடிக்கப்பட்டன. எரிச்சல் அநேகமாக இல்லை, கறை இல்லை. பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டீரால் என்ற கொழுப்பு வேண்டும். அதை உண்டாக்க விடாமல் இந்த மருந்துகள் தடுக்கின்றன. மனிதச் செல்லில் எர்கோஸ்டீரால் கிடையாது. அதனால்தான் நம் தோலுக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை. 1990களில் டெர்பினாஃபைன் சேர்ந்துகொண்டது. ஒழுங்காகத் தடவினால் சில வாரங்களில் படர்தாமரை போய்விடும் என்று மருத்துவர்கள் நம்பிக்கையாகச் சொன்ன காலம் அது.

இன்று தோல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வருஷமாக, இரண்டு வருஷமாக அரிப்போடு இருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்து எல்லோருக்கும் பரவியிருக்கிறது. இடுப்பைச் சுற்றி, தொடை முழுக்க, சிலருக்கு முகத்திலும். இத்தனை நல்ல மருந்துகள் வந்த பிறகு நோய் ஏன் இப்படி முற்றியது?

இறுக்கமான ஜீன்ஸ், வேர்வை காயவிடாத துணி, நெருக்கமான அறைகள் என்று காரணங்கள் பல. என்னைக் கேட்டால் பெரிய பழியை ஸ்டீராய்டு கலந்த க்ரீம்மேல்தான் போடுவேன். "அண்ணே, அரிப்பு தாங்கல, நல்லதா ஒரு க்ரீம் குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டால் பல இடங்களில் கைக்கு வருவது ஒரே ட்யூபில் மூன்று மருந்து: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசோல் அல்லது பீட்டாமெத்தசோன். கடைசியில் சொன்னவை இரண்டும் ஸ்டீராய்டு. க்ளோபெட்டசோல் அந்த வகையில் மிக வீரியமானது.

தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். கடைக்காரர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். உள்ளே நடப்பது வேறு. பூஞ்சையை எதிர்த்து உடம்பு காட்டும் கோபம்தான் அந்தச் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிடுகிறது. தடையில்லாமல் பூஞ்சை படர்கிறது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி அதே ட்யூப். வட்டம் கலைந்து, மருத்துவராலேயே சட்டென்று அடையாளம் காண முடியாத உருவத்துக்கு நோய் மாறும். இடுக்கில் மாதக்கணக்கில் தடவியவர்களுக்குத் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளந்திருக்கும். அந்த வரிகள் மறைவதில்லை. பதினெட்டு வயதுப் பையன் தொடையில் அதை ஆயுளுக்கும் சுமக்க வேண்டியிருப்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை. கரப்பான் போன்ற நோய்களுக்கு ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். படர்தாமரைக்கு நாமாக எடுத்துத் தடவுவதுதான் கேடு.

இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் வருடக்கணக்கில் போராடியதன் பலனாக 2018இல் 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. ஆணை வந்த பிறகும் பல கடைகளில் சீட்டு கேட்பதில்லை.

பூஞ்சையும் மாறிவிட்டது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த நோயாளிகளிடம் கண்ட ஒரு புதிய இனத்துக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் ட்ரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபைன் தாக்க வேண்டிய நொதியே அதில் பல நேரம் திரிந்திருக்கிறது, மருந்து பிடிப்பதில்லை. 2023இல் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது.

ஆகவே ட்யூபைத் திறக்கும் முன் அதில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். க்ளோட்ரிமசோல், க்ளோபெட்டசோல் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். முன்னது பூஞ்சையைக் கொல்வது, பின்னது வளர்ப்பது. சாதாரணப் படர்தாமரைக்குப் பூஞ்சை மருந்து மட்டும் உள்ள க்ரீம் போதும். குளித்து, ஈரம் போகத் துடைத்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு தடவ வேண்டும். ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும். வட்டத்தின் விளிம்பில்தான் பூஞ்சை மும்முரமாக வளர்கிறது, ஆகவே விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூசுங்கள். தடவிய கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரிப்பு நின்றதும் ட்யூபை மூடி வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

தலையிலோ நகத்திலோ வந்தால் க்ரீம் மட்டும் போதாது, மாத்திரை வேண்டியிருக்கும். அதை மருத்துவர்தான் தர வேண்டும். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் தாங்களாக எதையும் தொடங்காமல் இருப்பது நல்லது. அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் குணமாகும்வரை கழற்றி வையுங்கள். ஈரக் கயிறு பூஞ்சைக்கு நல்ல இருப்பிடம். துண்டும் லுங்கியும் உள்ளாடையும் தனித்தனியாக இருக்கட்டும். வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய் சுற்றிச் சுற்றி வரும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு க்ரீம் தடவிக்கொண்டிருப்பவர்கள், நிறுத்தியதும் அரிப்பு கூடுவதைக் கண்டு பயந்து அதற்கே திரும்ப வேண்டாம். தோல் மருத்துவரிடம் போகும்போது இதுவரை தடவிய ட்யூப்கள் அத்தனையையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதை எத்தனை நாள் தடவினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க அவர் விரும்பலாம். பூஞ்சை க்ரீம் தடவியிருந்தால் அந்தச் சோதனை பொய்த்துப்போக வாய்ப்புண்டு என்பதால், கடைசியாக எப்போது தடவினீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.