முதிய காவல் நாயின் மூட்டு வலி

களத்தையும் தொழுவத்தையும் பல ஆண்டுகள் காத்த நாய், 7, 8 வயதைக் கடந்தபின் காலையில் எழும்போது பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் தடுமாறுவதைக் காண்கிறோம். சிறிது நடந்ததும் சரியாகிவிடுவதால் இதனைச் சோம்பல் என்று கருதுவோர் பலர். சிலர் விரட்டியும் விடுகின்றனர். உழைத்த பிராணிக்கு இது முறையன்று. பெரும்பாலும் இது மூட்டுத் தேய்மானமே. எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு தேய்வதால் மூட்டு வலிக்கிறது. நாய் கத்துவதில்லை, படியேறத் தயங்கும், நோவுள்ள மூட்டை நக்கும், தொட்டால் சீறும்.

தேய்ந்தது மீண்டும் வளராது. ஆயினும் வேதனையைத் தணிக்கலாம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவு கொழுத்த நாய்க்குத் தீனியைக் குறைத்தாலே நடை இலேசாகும். வெறுந்தரையில் படுக்கவிடாமல், வைக்கோல் பரப்பி அதன்மேல் சாக்கு விரித்தல் நலம். மார்கழிப் பனியில் இது மிக அவசியம். நாள் முழுவதும் கட்டிவைத்தால் மூட்டு இறுகும். காலையும் மாலையும் மெதுவாகச் சிறிது தூரம் நடத்த வேண்டும்.

நாம் உண்ணும் வலி மாத்திரையை மட்டும் ஒருபோதும் கொடுக்கலாகாது. ஐபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவை நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். நாய்க்கு ஏற்ற மருந்தை, எடையைப் பார்த்து, கால்நடை மருத்துவரே தருவார். திடீரென ஒரு காலைத் தூக்கியபடி நடந்தால் எலும்பு முறிவாகவும் இருக்கலாம். அன்றே கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும்.