கை அறிந்ததை இனி முள் சொல்லும்

மத்திகிரி என்றதும் ஓசூர்ப் பக்கத்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கால்நடைப் பண்ணைதான். 1824-இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்துப் பழக்கும் இடமாகத் தொடங்கிய அந்தப் பண்ணை, பிறகு மாடுகளுக்கானதாக மாறி, இன்றும் 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. மாடும் மிஷினும் அருகருகே வளர்ந்த ஊர் இது. இப்போது இரண்டும் மாட்டுக் கொட்டகைக்குள்ளேயே சந்தித்துக்கொள்கின்றன.

அன்றைய கறவை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்துக் கட்டுவார்கள். மடியைக் கழுவி, விரலில் எண்ணெய் தொட்டு, முழங்கால்களுக்கு நடுவே பாத்திரத்தை இடுக்கிக் குந்தினால் பேச்சு நின்றுவிடும். கறக்கிற கைக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு காம்பு மட்டும் சுடுகிறதா, மடியின் ஒரு பக்கம் கல்லாக இறுகியிருக்கிறதா, முதல் பீச்சில் திரிதிரியாக வருகிறதா என்பதை வைத்தே மடிநோயைக் கண்டுகொள்வார்கள். பால் இறங்கிய வேகம் ஐந்தாறு நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும் என்பதும் கைப்பழக்கத்தில் வந்த அறிவுதான்.

கலப்பின மாடுகள் வந்து பால் பெருகியதும் அந்தக் கை திணறியது. பத்து மாடு கறந்தவரின் மணிக்கட்டு இரவெல்லாம் வலிக்கும். அடுத்த தலைமுறை தொழிற்சாலை ஷிப்டுக்குப் போனது. கறவைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பானது. அந்த இடத்தில்தான் வேக்குவம் பம்பு வந்து உட்கார்ந்தது.

வேக்குவம் பம்பு புதிய பொருள் அல்ல. ஜெர்மனியின் ஓட்டோ ஃபான் கெரிக்கே 1650 வாக்கிலேயே காற்றை உறிஞ்சும் பம்பைச் செய்துவிட்டார். இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்து உள்ளே இருந்த காற்றை எடுத்ததும், பக்கத்துக்கு எட்டுக் குதிரைகள் பூட்டி இழுத்தும் அவை எளிதில் பிரியவில்லை. குதிரைகளையே திணறடித்த அந்த விசையைப் பால் காம்பில் வைக்கிறோம். எத்தனை அளவோடு வைக்க வேண்டும் என்பது இதிலிருந்தே புரியும்.

கன்று வாயால் செய்வதைத்தான் மிஷினும் செய்கிறது. பம்பு குழாயிலிருந்து காற்றை இழுக்கிறது. பல்சேட்டர் நிமிடத்துக்குச் சுமார் 60 முறை, காம்பைச் சுற்றியுள்ள ரப்பர் லைனரைத் திறந்து மூடுகிறது. திறக்கும்போது பால் வரும். மூடும்போது காம்புக்கு ஓய்வு, ரத்த ஓட்டம். பக்கெட் மிஷினில் கேஜ் முள் பெரும்பாலும் 45 முதல் 50 கிலோபாஸ்கலுக்குள், அதாவது பாதரச அளவில் 340 முதல் 375 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். கூடினால் காம்பு நுனி தடித்து வெடிக்கும். குறைந்தால், காம்புகளில் மாட்டும் கிளஸ்டர் நழுவும், கறவை இழுபடும். இரண்டுமே மடிநோய்க்கு வழி.

நம் மேட்டுநிலத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே காற்றழுத்தமே சுமார் 680 மில்லிமீட்டர்தான். எவ்வளவு நல்ல பம்பும் கேஜில் கடல் மட்டத்து அளவான 760-ஐத் தொடாது. அதைப் பம்பின் குறை என்று நினைக்கக் கூடாது. ஆனால் இங்கே பம்பு வாங்கும்போது கொஞ்சம் கூடுதல் கொள்ளளவு பார்த்து வாங்குவது நல்லது.

என்னை வருத்துவது ஒன்று உண்டு. பிளேடுகள் சுழன்று காற்றை இழுக்கும் இதே வேன் வகைப் பம்பு தொழிற்சாலையில் இருந்தால் அதற்கு ஒரு அட்டை தொங்கும்: ஆயில் பார்த்த தேதி, பெல்ட் மாற்றிய தேதி, கையெழுத்து. அதை எழுதிவிட்டு வீடு திரும்புகிற பிள்ளையின் கொட்டகையிலோ, அதே வகைப் பம்பு தவிட்டு மூட்டைக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும். நான் பார்த்த ஒரு பம்பில் ஆயில் மோராக வெளுத்திருந்தது. பக்கெட் நிரம்பி வழிந்ததையும் கழுவிய தண்ணீரையும் குழாய் உறிஞ்சியிருந்தது. இடையில் தடுக்க வேண்டிய டிராப்பை யாரும் காலி செய்யவில்லை. ரோட்டரின் பள்ளத்தில் வழுக்கி வெளியே வந்து சுவரை உரச வேண்டிய பிளேடுகள் பிசினாக ஒட்டியிருந்தன. ஆயில் உராய்வைக் குறைப்பதோடு காற்று கசியாமல் அடைக்கவும் செய்கிறது. ஆயில் கெட்டால் இழுவையும் போயிற்று.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கறவைக்கு முன் ஆயில் மட்டத்தைப் பார்த்து, பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டு, முள் நிலைத்த பிறகு கிளஸ்டரை மாட்டுங்கள். மார்கழிக் குளிரில் ஆயில் இறுகும் என்பதால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். டிராப்பைத் தினமும் காலி செய்யுங்கள். மும்முனை மோட்டாரென்றால், மின் வேலை நடந்த மறுநாள் பம்பு சரியான திசையில் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ரப்பர் லைனரின் ஆயுள் சுமார் 2,500 கறவை. ஒரு கிளஸ்டரால் பத்து மாட்டை இருவேளை கறந்தால் 125 நாளில் அது தீர்ந்துவிடும். கிழியவில்லையே என்று வைத்திருந்தால் வெடிப்பில் கிருமி குடியேறும்.

முதல் பீச்சைக் கையால் கறந்து பார்ப்பதை மட்டும் எந்த மிஷினிடமும் கொடுத்துவிடக் கூடாது. கிளஸ்டரை மாட்டும் முன் லைனருக்குள் கட்டைவிரலை விட்டுப் பாருங்கள். பிடித்து விட்டு, பிடித்து விட்டுச் சீராகத் துடிக்கும். அந்தப் பிடி விரலுக்கே வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும்.