கதவுக்கு அடியில் ஒரு விரல் சந்து



போன ஐப்பசியில் செட்டியார்பட்டியில் உள்ள ஒரு தையல் குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிவதற்குள்ளேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. வாடகைக்கு எடுத்த ஷட்டர் ரூமில் அடுக்கி வைத்திருந்த நைட்டிக் கட்டுகளை எலி கடித்துவிட்டது. ஆர்டர் கொடுத்தவர் துணிக்கான பணத்தைக் கூலியில் பிடித்துக்கொண்டார். வங்கிக் கடன் தவணைக்கு நாள் நெருங்கிவிட்டது.

"கடைசியா ஷட்டரை இறக்கினது யாரு? முழுசா இறக்காமப் போயிருப்பீங்க."

"நான் பூட்டிட்டுத்தான் மதினி போனேன். என் மேல பழி போடாதீங்க. இப்படின்னா நான் குழுவை விட்டே போயிருறேன்."

நாங்கள் எதுவும் பேசவில்லை. ஷட்டரை உள்ளிருந்து இறக்கி, லைட்டை அணைக்கச் சொன்னோம். மேற்குப் பார்த்த ரூம். சாயங்கால வெயில் ஷட்டருக்கு அடியில் கோடு போட்ட மாதிரி உள்ளே வந்தது. நடுவில் ஒரு விரல் நுழையும் சந்து. அடியில் இருந்த ரப்பர் வெடித்து, பாதி அறுந்து தொங்கியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். பூட்டினவர் மேல் தப்பு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"இத்தனை நாளா கூட்டும்போதெல்லாம் இந்த ரப்பர் விளக்குமாத்துல மாட்டும் மேடம். யாருமே என்னன்னு பாக்கல" என்றார் ஒரு அக்கா.

இந்த மாதம் அந்தச் சந்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

சந்து வழியாக என்னென்ன வருகிறது?

குளிர்நாடுகளில் கார் நிறுத்தும் ரூமின் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை வைக்கிறார்கள். குளிர்காற்று உள்ளே வராமல் இருக்க அது தேவை. தேய்ந்து போனால் மாற்றிவிடுவார்கள். நமக்குக் குளிர் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் அதே ரப்பர் நமக்கு வேறு நாலு காரியத்துக்கு வேண்டும்.

1. தூசி: ஆனி, ஆடியில் மேல்காற்று மண்ணை வாரி உள்ளே போடும். வெள்ளைத் துணி தைப்பவர்களுக்கு அதனாலேயே நஷ்டம். மெஷினில் எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் ஓட்டம் கெட்டுப்போகும்.

2. மழைத் தண்ணீர்: ஐப்பசி, கார்த்திகையில் சாரல் உள்ளே வந்து கீழ்க்கட்டுத் துணி பூசணம் பிடிக்கும்.

3. எலி: சுண்டெலிக்கு பென்சில் நுழையும் இடம், அதாவது 6 மில்லி மீட்டர் போதும். பெரிய எலிக்கு அரை இஞ்ச் போதும். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

4. பாம்பு: எலி போகும் இடத்துக்கு அதைத் தேடிப் பாம்பும் வரும். இதுதான் உயிர்ப் பிரச்சினை.

கட்டுவிரியன் பற்றி ஒரு எச்சரிக்கை

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. வீட்டுக்குள் புகுந்து, தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்தில் கடிக்கும். பல நேரம் வலியே இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி வரும். கண் இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு திணறும். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல" என்று கஷாயம் வைத்துக் கொடுத்து நேரத்தைக் கழித்துவிடுகிறோம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து மக்கள். தமிழ்நாடு அரசு 2024-ல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

கடி என்று சந்தேகம் வந்தாலே 108-க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, கை காலை அசைக்காமல் கொண்டு போங்கள். மந்திரிக்கப் போய் நேரம் கடத்தாதீர்கள்.

சந்தை அடைப்பது, கட்டிலில் படுப்பது, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வது, இந்த மூன்றும் செலவு குறைந்த பாதுகாப்பு.

சந்து இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பகலில் கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, தரையோடு குனிந்து பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சந்து. இன்னொரு வழி, கதவுக்கு அடியில் ஒரு பேப்பரை வைத்து இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தரையைத் தொடவில்லை. காற்று அடிக்கும் நாளில் ஊதுபத்தியைக் கதவு ஓரமாகக் கொண்டு போனால் புகை எங்கே ஆடுகிறதோ அங்கே காற்று வருகிறது.

இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் ரப்பர் மாற்றினால் போதும். ஒரு இடத்தில் மட்டும் அதிகமாக இருந்தால் தரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். முதலில் அந்தப் பள்ளத்தை சிமெண்ட் பூசிச் சமப்படுத்தி, சில நாள் தண்ணீர் விட்டு ஆறவிடுங்கள். பிறகுதான் ரப்பர். தரை சரியில்லாமல் ரப்பர் மட்டும் போட்டால் காசு தண்டம்.

ஷட்டருக்கு ரப்பர் போடும் முறை

உதாரணத்துக்கு, தரையைச் சரிசெய்த பிறகு சந்து 10 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் தரையில் பட்டு லேசாக மடங்க இன்னும் 5 மில்லி மீட்டர் வேண்டும். ஷட்டரின் அடி இரும்புப் பட்டையில் பிடிமானத்துக்கு ஒரு இஞ்ச், அதாவது 25 மில்லி மீட்டர். மொத்தம் 40. சுமார் ஒன்றரை இஞ்ச் அகலப் பட்டை வாங்கினால் சரியாக இருக்கும். நீளம் ஷட்டரின் அகலம்தான். இரண்டு பக்கச் சேனலுக்குள் ரப்பர் நுழையக் கூடாது, மாட்டிக்கொள்ளும்.

1. பழைய ரப்பர், துருப்பிடித்த போல்ட் எல்லாவற்றையும் கழற்றி, இரும்புப் பட்டையைத் துடைத்துத் துருவைத் தேய்த்து எடுங்கள்.

2. புது ரப்பரை ஷட்டரின் உள்பக்கம் வைத்து, அதன் மேல் மெல்லிய தகரப் பட்டை வைத்து, அரை அடிக்கு ஒரு போல்ட் வீதம் முடுக்குங்கள். தகரம் இல்லாமல் முடுக்கினால் போல்ட் இடத்தில் ரப்பர் கிழிந்துவிடும்.

3. எலித் தொல்லை உள்ள இடத்தில் வெளிப்பக்கமும் ஒரு தகரப் பட்டையைத் தரைக்குச் சற்று மேலே வரை இறக்கிப் போடுங்கள். வெறும் ரப்பரை எலி கடித்துவிடும், தகரத்தைக் கடிக்காது.

4. ஷட்டரை இறக்கிப் பூட்டிப் பாருங்கள். ரப்பர் அதிகமாகத் தொங்கினால் கீழே உள்ள பூட்டு ஓட்டை சேராது. உடனே கொஞ்சம் வெட்டிக் குறையுங்கள்.

5. ஷட்டர் சுருளும் மேல்பெட்டியின் ஓரச் சந்தையும் பாருங்கள். அதை 6 மில்லி மீட்டருக்கும் சிறிய கண்ணுள்ள கம்பி வலையால் அடையுங்கள். கீழே அடைத்துவிட்டு மேலே விட்டால் எலி மேலே ஏறி வரும்.

மரக்கதவுக்கு இத்தனை வேலை இல்லை. பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி, இரண்டாக மடித்து, கதவின் உள்பக்கம் அடி ஓரத்தில் தகரப் பட்டை வைத்து ஆணி அடித்தால் போதும். கடையில் விற்கும் ஸ்பாஞ்ச் உருளை தூசிக்கு நல்லது, எலிக்குத் தாங்காது.

ரப்பர் வாங்கப் போகும்போது அளவை எழுதி எடுத்துக்கொண்டு போய் இரண்டு கடையில் விலை கேளுங்கள்.

எதை அடைக்கக் கூடாது?

இதைத் தவறாமல் படியுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் உள்ள ரூமில் கதவுச் சந்தை ரப்பர் வைத்து அடைத்துவிட்டால் கேஸ் வெளியே போக வழி இருக்காது. அங்கே சுவரின் அடியில் வெளிப்பக்கமாகக் காற்று போகும் துளை விட்டு, அதற்குக் கம்பி வலை போடுங்கள். அது இல்லாமல் கதவை அடைக்காதீர்கள்.

அதேபோல் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே கரி அடுப்பு மூட்டுவதும், ஜெனரேட்டர் ஓட்டுவதும் உயிருக்கு ஆபத்து. வேலை செய்யும் ரூமில் மேல் ஜன்னல் எப்போதும் திறந்திருக்கட்டும். அதற்கும் வலை போடுங்கள்.

பராமரிப்பு

வெயில் பட்டுப் பட்டு ரப்பர் விறைத்து வெடிக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஆனி பிறக்கும் முன்பும் ஐப்பசி பிறக்கும் முன்பும் பாருங்கள். மண்ணைத் துடையுங்கள். மண்ணெண்ணெய், கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். எண்ணெய் சேனலுக்கு மட்டும்தான்.

அந்தக் குழு என்ன ஆனது?

அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதினார்கள். ரப்பர், சிமெண்ட் செலவைக் குழுவின் பொதுநிதியில் எடுப்பது, எலி கடித்த நஷ்டத்தை ஒருத்தர் தலையில் கட்டாமல் எல்லோரும் பகிர்ந்துகொள்வது என்று முடிவானது. தை மாதம் நாங்கள் போனபோது ரப்பர் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. குழுவை விட்டுப் போகிறேன் என்று சொன்ன உறுப்பினர்தான் ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினாராம். சந்தேகப்பட்ட அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தகரத்தைப் பிடித்துக்கொண்டாராம்.

நஷ்டம் வந்தவுடன் பக்கத்தில் இருப்பவரைச் சந்தேகப்படுவது சுலபம். முதலில் கதவை ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டு வாசல் கதவு, குழுவின் ரூம் இரண்டிலும் மூன்று இடத்தில் சந்தை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் அதை நோட்டில் பதியுங்கள். யார் வீட்டில் விரல் நுழைகிறதோ, அந்த வீட்டை எல்லோரும் சேர்ந்து முதலில் சரிசெய்வோம்.