வளரியும் பூமராங்கும்: ஒரு பூர்வீக வழக்கு

அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழர்களிடையே அடிக்கடி எழும் ஒரு கூற்றைப் பற்றி இங்கு எழுத வேண்டியிருக்கிறது. மறவர் சீமையின் வளரியும் இந்நாட்டு ஆதிக்குடிகளின் பூமராங்கும் ஒன்றே. ஆகவே அவர்களும் நாமும் ஒரே இனம். கடலில் மூழ்கிய குமரிக்கண்டமே இரு சாராரையும் இணைத்திருந்த நிலம் என்பதே அக்கூற்று. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் நம்மவர் கூட்டங்களில் இதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்துடனேயே சொல்கிறார்கள். பிறர் நாட்டில் வந்து ஒதுங்கியவர்கள் என்ற கூச்சத்தோடு இருப்பவருக்கு, மண்ணின் மக்களோடு தொப்புள்கொடி உறவுள்ளவர்கள் நாம் என்ற எண்ணம் ஆறுதல் தருவது இயல்பு. ஆயினும் ஆறுதல் தருகிறது என்பதற்காக ஒரு கூற்றை ஆராயாமல் விட்டுவிட முடியாது. இது எங்கிருந்து வந்தது, எந்த ஆதாரத்தில் நிற்கிறது, இந்நாட்டில் இதைச் சொல்வதால் யாருக்கு என்ன நேர்கிறது என்ற மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

எல்லைப்புற ஆயுதங்களைச் சுற்றிப் பூர்வீகச் சண்டைகள் எழுவது புதிதன்று. அமெரிக்காவில் 1827ஆம் ஆண்டு மிசிசிப்பி ஆற்று மணல்திட்டு ஒன்றில் நடந்த கைகலப்பின் பின் புகழ்பெற்ற போவி கத்தியை எடுத்துக்கொள்வோம். அதை முதலில் உருவாக்கியவர் ஜேம்ஸ் போவியா, தானே செய்ததாக உரிமை கோரிய அவரது தமையன் றெசினா, ஆர்க்கன்சாசைச் சேர்ந்த கொல்லர் ஜேம்ஸ் பிளாக்கா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. நேபாளத்துக் குக்ரியை அலெக்சாந்தரின் படை கொண்டுவந்த கிரேக்க வாளின் வழித்தோன்றல் என்று சொல்வாரும் உண்டு. இரண்டும் முன்பக்கம் வளைந்தவை என்பதே அதற்கான முதன்மை ஆதாரம். ஒரு வடிவம் இன்னொரு வடிவத்தைப் போலிருந்தால் ஒன்று மற்றொன்றின் பிள்ளை என்று கொள்ளும் இந்த வாதமுறையை மனதில் வைத்துக்கொண்டு நமது வழக்குக்கு வருவோம்.

முதலில் வளரி. வளைதடி என்றும் இதற்குப் பெயருண்டு. பிறைபோல் வளைந்து, ஒரு முனை கனத்தும் மறுமுனை ஒடுங்கியும் இருக்கும் எறிகருவி இது. மரத்தாலும் தந்தத்தாலும் இரும்பாலும் செய்யப்பட்டது. முயல், பறவை வேட்டைக்கும் போருக்கும் பயன்பட்டது. கும்பினிப் படை அதிகாரியான ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியிட்ட தமது இராணுவ நினைவுகளில், ஈட்டி எறியவும் இந்தத் தடியை வீசவும் தமக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது என்று எழுதுகிறார். தேர்ந்த கையில் அது நூறு யார் தூரத்துக்குள் குறி தவறாது என்பதும் அவர் தரும் தகவல். அதே வெல்ஷ் பின்னர் மருது சகோதரரை எதிர்த்துப் போரிட்ட படையில் இருந்தார். 1801 ஒக்ரோபர் 24ஆம் திகதி மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் முதலாம் திகதி வெளியான சென்னை ஆளுநரின் பிரகடனம் பாளையக்காரர் சீமைகளில் ஆயுதங்களைத் தடைசெய்தது. அதன் பின் வளரி மெல்ல மெல்ல மணச்சடங்குப் பொருளாகவும் நூதனசாலைப் பொருளாகவும் சுருங்கியது. கள்ளர் திருமணங்களில் இரு வீட்டாரும் வளைதடி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும், தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை நூதனசாலைக்கு வந்த தந்த வளரிகளையும் எட்கார் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார்.

இனி பூமராங். 1770 ஏப்ரலில் குக்கின் கப்பல் பொட்டனி விரிகுடாவுக்குள் நுழைந்தபோது, கரையில் நின்றவர்களின் கையில் வளைவாளைப் போன்ற மரக்கருவி இருந்ததாக ஜோசப் பாங்ஸ் குறித்துவைத்தார். 1804 டிசம்பரில் சிட்னி கசெற் பத்திரிகை, பங்காரி என்ற ஆதிக்குடி மனிதர் எறிந்த வளைதடியைத் துருக்கி வாளுக்கு ஒப்பிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் தமக்குத் தெரிந்த வாளையே அதில் கண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பூமராங் என்ற சொல் சிட்னிப் பகுதியின் தாருக் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. கண்டம் முழுவதற்கும் அது பொதுச்சொல்லன்று. ஒவ்வொரு மக்களுக்கும் தத்தம் பெயர் உண்டு. எறிந்தவரிடமே திரும்பிவரும் வகை பலவற்றுள் ஒன்று மாத்திரமே. வேட்டைக்கும் போருக்கும் பயன்பட்ட கனமான வகைகள் திரும்பிவருவதில்லை. தஸ்மானியா மக்களிடம் பூமராங் இருக்கவேயில்லை. தென் அவுஸ்திரேலியாவின் வைரி சதுப்புநிலத்தில் 1970களில் தோண்டியெடுக்கப்பட்ட மரப் பூமராங்குகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையானவை. அவற்றுள் திரும்பிவரும் வகையும் உண்டு. நாம் பெயர் சொல்லி அறியும் எந்தத் தமிழரசும் தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்னரே இக்கலை இங்கே முதிர்ந்திருந்தது.

இவ்விரண்டையும் முதலில் முடிச்சுப் போட்டவர் யார்? தமிழ்ப் புலவர் எவருமல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானிய மானுடவியலாளரே. 1870இல் தோமஸ் ஹக்ஸ்லி மனித குலத்தைத் தோல் நிறம், தலைமயிர், மண்டையோடு ஆகியவற்றைக் கொண்டு வகுத்தபோது, அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளையும் தக்காணத்து மலைவாழ் மக்களையும் ஒரே பிரிவில் வைத்தார். பண்டைய எகிப்தியரையும் அதனருகே சேர்த்தார். இந்த வகுப்புக்குப் பொருட்சான்று தேடியவர் படை அதிகாரியான பிட் ரிவேர்ஸ். ஒக்ஸ்போர்டில் அவர் பெயரால் ஒரு நூதனசாலை இன்றும் இருக்கிறது. அவுஸ்திரேலியா, தென்னிந்தியா, எகிப்து ஆகிய மூன்று இடங்களிலும் வளைந்த எறிதடி இருப்பது ஹக்ஸ்லியின் இனப்பிரிவை உறுதிசெய்கிறது என்று அவர் வாதித்தார்.

அந்த வாதத்தின் உள்நோக்கை நாம் மறக்கக்கூடாது. பிட் ரிவேர்ஸ் ஆயுதங்களை ஏணிப்படிகளாக அடுக்கினார். சாதாரண தடியில் தொடங்கி பூமராங், கதை, கேடயம் என்று அது விரியும். அவுஸ்திரேலியரின் கருவிகளை மனித குலத்தின் தொடக்க நிலைக்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டார். மறவரும் கள்ளரும் அவர்களோடு சேர்க்கப்பட்டது அந்த ஏணியின் அடிப்பாகத்தில்தான். நம்மை இழிவுபடுத்த வகுத்த ஒரு பட்டியலை நாம் நம் பெருமையின் சான்றிதழாகச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறோம்.

குமரிக்கண்டத்தின் கதையும் இதற்கு வேறானதன்று. இலெமூரியா என்ற பெயரை 1864இல் சூட்டியவர் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற விலங்கியலாளர். மடகஸ்காரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட ஒத்த உயிரினங்களை விளக்க அவருக்கு ஒரு மூழ்கிய நிலம் தேவைப்பட்டது. அது நம் இலக்கியத்தில் வரும் கடல்கோள் நினைவோடு இணைக்கப்பட்டுப் பாடநூல்களிலும் மேடைகளிலும் ஏறியது. 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அரசே அதைப் படமாக்கியது. ஆனால் 1960களில் புவித்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றதும், அறிவியலில் அந்த மூழ்கிய கண்டத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

சரி, தொடர்பு இல்லையென்றால் வடிவம் ஏன் ஒத்திருக்கிறது? காற்றே காரணம். நேரான தடி எறிந்தவுடன் குப்புறப் புரண்டு வேகமிழக்கும். தட்டையாகச் சீவி, நடுவில் வளைத்து, சுழலும்படி எறிந்தால், பம்பரம் போல் தன் சமநிலையைக் காத்துக்கொண்டு நிலத்துக்கு இணையாக நெடுந்தூரம் செல்லும். இலேசாக்கி, கைகளை விமானச் சிறகைப் போல் ஒருபுறம் குவித்தால், சுழற்சியின் விளைவாக அதன் பாதை வளைந்து எறிந்தவரிடமே திரும்பும். நெதர்லாந்தின் ஃபீலிக்ஸ் ஹெஸ் 1975இல் இதைக் கணிதரீதியாக விரிவாக விளக்கியுள்ளார். வளைந்த ஒரு கொம்பை எறிந்து வேட்டையாடும் எவரும், தலைமுறை தலைமுறையாகச் சீவிப் பார்த்தால், இந்த வடிவத்தை நெருங்கியே தீருவர். ஆகவேதான் குஜராத்தின் கோலி மக்களிடமும், அமெரிக்காவின் ஹோப்பிகளிடமும், எகிப்தில் துத்தங்காமனின் கல்லறையிலும் இது இருக்கிறது. போலந்தின் ஒப்லாசோவா குகையில் கிடைத்த, மாமத யானைத் தந்தத்தில் செதுக்கிய ஒன்று சுமார் 40,000 ஆண்டுகள் பழமையானது என 2025இல் மதிப்பிடப்பட்டது. வடிவ ஒற்றுமை இனத்தைக் காட்டுமானால் போலந்துக்காரரும் நம் உறவினரே.

மொழிச் சான்று உண்டே என்பார்கள். உண்மை, 1856இல் கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் திராவிட மூவிடப் பெயர்களுக்கும் அவுஸ்திரேலிய மொழிகளின் மூவிடப் பெயர்களுக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். ஆனால் உறவை நிறுவத் தேவையான முறையான ஒலி இணைகளை அதன் பின் எவரும் காட்டவில்லை. அவுஸ்திரேலிய மொழிகளில் ஆழ்ந்து உழைத்த ஆர். எம். டபிள்யூ. டிக்சன் தரும் உதாரணம் ஒன்று போதும். குயின்ஸ்லாந்தின் ம்பபரம் மொழியில் நாய்க்குப் பெயர் ‘டொக்’. ஆங்கிலத்திலிருந்து வந்த கடனன்று. முழுக்க முழுக்கத் தற்செயல். நமக்குரிய உதாரணம் வேண்டுமானால், மேற்கு அவுஸ்திரேலியாவின் நூங்கர் மக்கள் பூமராங்கைக் ‘கைலி’ என்கிறார்கள். தமிழகத்தார் கைலி என்பதை நாம் சாரம் என்போம். இரண்டுக்கும் உறவு தேடினால் அதையும் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

மரபணுச் சான்றும் இதே கதிதான். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு மக்கள் வந்து கலந்திருக்கலாம் என்று 2013இல் ஓர் ஆய்வு கூறியது. நம்மவர் அதை உடனே கையிலெடுத்தனர். 2016இல் ஆதிக்குடிகளின் முழு மரபணுத் தொகுதியையும், தந்தைவழி மரபணுவையும் ஆராய்ந்த விரிவான ஆய்வுகள் அத்தகைய கலப்புக்கு ஆதாரம் காணவில்லை. இந்த மறுப்பு நம் மேடைகளில் ஏறியதை நான் பார்க்கவில்லை. அந்த 2013 முடிவு சரியாக இருந்திருப்பினும், 10,000 ஆண்டுப் பூமராங்கை 4,200 ஆண்டுக்கு முன் வந்தவர்கள் கொண்டுவந்திருக்க முடியாது.

‘இருந்தாலும் இதில் என்ன தீங்கு? உறவு கொண்டாடுவது பாவமா?’ என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இதுவே மூன்றாவது கேள்வி.

1992 ஜூன் 3ஆம் திகதி மாபோ வழக்கில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை, சட்டத்தின் கண்ணில் இந்நாடு யாருக்கும் சொந்தமற்ற நிலமாகவே கருதப்பட்டது. அதன் பின்னும் ஆதிக்குடிகள் தம் நிலத்துடனான தொடர்பு அறுபடவில்லை என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மெல்பேர்ணுக்கு வடக்கே மரே ஆற்றங்கரையின் யோர்த்தா யோர்த்தா மக்களின் கோரிக்கை, வரலாற்றின் அலை அவர்களது உரிமையை அடித்துச் சென்றுவிட்டது என்ற காரணத்தால் 1998இல் நிராகரிக்கப்பட்டது. 2002இல் உயர்நீதிமன்றமும் அவர்களது மேன்முறையீட்டைத் தள்ளியது. இத்தகைய நாட்டில், ‘அவர்களும் அலையலையாக வந்து குடியேறியவர்களே, முதலில் இருந்தவர்களை விரட்டியவர்களே’ என்ற வாதத்தை நில உரிமையை எதிர்ப்போர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியுள்ளனர். ‘அவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்’ என்று நாம் உறவுக் குரலில் சொல்வது, அந்த வாதத்துக்கே கைகொடுக்கிறது.

பூமராங்கே இந்தப் பறிப்பின் அடையாளமாகிவிட்டது. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் பிற பொருட்களையும் ஆதிக்குடிகளின் கைவேலை போல விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் சமஷ்டி நீதிமன்றம் 23 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. பொருளைப் போலியாகச் செய்வது ஒரு பறிப்பு. அதன் தோற்றத்தை வேறொருவர் பெயரில் எழுதுவதும் பறிப்பே.

இதை மற்றவர்களை விட நாம் நன்றாக உணர வேண்டும். யார் முதலில் வந்தார் என்ற வழக்கில் நம் தலைமுறைகள் இரண்டு மூன்று கழிந்துவிட்டன. விஜயன் வந்திறங்கிய கதையைக் காட்டி நம்மைப் பின்வந்தோர் என்றனர். நாகரும் இயக்கரும் நம் முன்னோர் என்று நாம் பதிலுரைத்தோம். இந்த வாதப் பிரதிவாதத்தில் வேடரின் குரலை இரு தரப்பும் கேட்கவில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டு, தம்பானை வேடரின் வேட்டைக்காடு பறிபோயிற்று. நமது வாகரைக் கரையில் தமிழே பேசும் வேடர் வாழ்கிறார்கள். அவர்களுடைய பூர்வீகத்தை நாம் எத்தனை கட்டுரைகளில் எழுதினோம்? தொன்மையை வைத்து உரிமையை அளக்கத் தொடங்கினால், நம்மை விடத் தொன்மையானவர்களை ஒன்றில் விழுங்க வேண்டும், அல்லது மறக்க வேண்டும். இங்கே விழுங்கப் பார்க்கிறோம்; அங்கே மறந்தோம்.

ஆதிக்குடிகளோடு நமக்கு உறவு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நிலம் பறிபோன, மொழி அடக்கப்பட்ட அனுபவம் இரு சாராருக்கும் உண்டு. அந்த உறவுக்கு மண்டையோட்டு அளவு தேவையில்லை. பொட்டனி விரிகுடாவின் லா பெரூசில் ஆதிக்குடிக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பூமராங் செதுக்கி விற்று வந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய், இது எங்கள் வளரி என்று சொல்வதை விடுத்து, இதை எப்படிச் செதுக்குகிறீர்கள், எந்த மரத்தின் எந்தக் கணுவை எடுக்கிறீர்கள் என்று கேட்கலாம். வளரிக்கும் செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. 1801இன் ஆயுதத் தடை மறவர் சீமைக் கிராமங்களில் எப்படி நிறைவேறியது, செய்த கொல்லரும் தச்சரும் என்ன ஆனார்கள், எறியும் பயிற்சி எங்கெங்கு தப்பிப் பிழைத்தது என்பவை எழுதப்பட வேண்டிய வரலாறுகள். நம்மிடையே ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். குமரிக்கண்டத்துக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கை அவர்கள் இதற்குக் கொடுத்தால் நன்று. மறுப்புடையோர் எழுத வேண்டும், விவாதிக்கலாம்.