தட்டில் மட்டுமே திரும்பி வரும் ஜாஸ்

1965ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள். நியூயார்க் நகரிலிருந்து ஹட்சன் ஆற்றைக் கடந்தால் வரும் இங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற சிற்றூரில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு இளைஞர்கள் கூடினார்கள். சாக்ஸபோன் வாசித்தவர் வெய்ன் ஷார்ட்டர். பியானோவில் ஹெர்பி ஹேன்காக், டபுள் பாஸில் சிசில் மெக்பீ, டிரம்ஸில் ஜோ சேம்பர்ஸ். புளூ நோட் நிறுவனத்துக்காக அன்று அவர்கள் வாசித்த இசைக்குப் பிறகு ‘எட்செட்ரா’ என்று பெயர் வைக்கப்பட்டது.

ஆனால், நிறுவனம் அதை அப்போது வெளியிடவில்லை. ஒலிநாடா அலமாரியில் 15 ஆண்டுகள் கிடந்தது. 1980இல்தான் இசைத்தட்டாக வந்தது; 1995இல் சிடியாக வந்தது. பிறகு 2019இல், ‘டோன் போயட்’ என்ற புதிய மறுவெளியீட்டு வரிசையின் முதல் தட்டுகளில் ஒன்றாக, மூல ஒலிநாடாவிலிருந்து மீண்டும் எடுக்கப்பட்டு, கெட்டியான அட்டை உறையோடு வெளிவந்தது. இந்த முறை இசைத்தட்டு மட்டுமே. வீட்டில் சிடி கருவி மட்டும் வைத்திருக்கும் ரசிகருக்கு அதில் இடமில்லை.

இது ஒரு தட்டின் கதை மட்டுமல்ல. டோன் போயட் வரிசை பெரும்பாலும் இப்படித்தான். வேறு பல ஜாஸ் மறுவெளியீடுகளும் இதே வழியில் போகின்றன. பழசாகிவிட்டது என்று ஒரு காலத்தில் குப்பைக்குப் போன கறுப்புத் தட்டில் மட்டும் இந்த இசை திரும்பி வருவது ஏன்?

ஒலி நயமா காரணம்?

“தட்டில்தான் ஒலி நன்றாக இருக்கும்” என்பது பலரும் சொல்லும் பதில். அதில் ஓரளவு உண்மை உண்டு. டோன் போயட் வரிசையைக் கவனித்துக்கொள்பவர் ஜோ ஹார்லி. இதற்கு முன் ‘மியூசிக் மேட்டர்ஸ்’ என்ற சிறு நிறுவனத்தின் வழியாக, புளூ நோட்டிடம் உரிமம் பெற்று இதே போன்ற தட்டுகளை வெளியிட்டவர். அந்தத் தட்டுகளைக் கேட்டு வியந்த புளூ நோட் தலைவர் டான் வாஸ், அதே வேலையை எங்களுக்கே செய்யுங்கள் என்று அவரை அழைத்தார். ஒலிநாடாவிலிருந்து தட்டுக்கு மாற்றுபவர் கெவின் கிரே என்ற பொறியாளர்.

அவர்கள் செய்வது என்ன? மூல நாடாவை ஓடவிட்டு, அதிலிருந்து வரும் மின் அலையை நேராகவே வெட்டும் ஊசிக்கு அனுப்புகிறார்கள். அரக்குப் பூச்சுள்ள ஒரு தட்டில் அந்த ஊசி வரிப்பள்ளத்தைக் கீறுகிறது. அதிலிருந்து உலோக அச்சு செய்து, வினைல் தட்டுகளை அழுத்தி எடுக்கிறார்கள். இடையில் எந்த இடத்திலும் ஒலி எண்களாக மாற்றப்படுவதில்லை. அதுவே இந்த வரிசையின் வாக்குறுதி.

இதில்தான் சிடி ரசிகருக்குச் சிக்கல். இப்படி வெட்டும்போது சிடிக்கோ கணினிக்கோ ஏற்ற கோப்பு எதுவும் தானாகக் கிடைப்பதில்லை. அது வேண்டுமென்றால் நாடாவைத் தனியாக ஓட்டி, தனியாகப் பதிவு செய்ய வேண்டும். செய்ய முடியாத வேலை அல்ல. ஆனால், அதற்கும் செலவு உண்டு.

ஆகவே ஒலி நயம் ஒரு காரணம்தான். முழுக் காரணம் அல்ல. அதற்கு 2022இல் நடந்த ஒரு சம்பவமே சாட்சி. மொபைல் ஃபிடிலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலை உயர்ந்த இசைத்தட்டுகளை, இடையில் டிஜிட்டல் கலக்காதவை என்று நம்பி ரசிகர்கள் பல ஆண்டுகளாகப் போற்றி வந்தார்கள். அவற்றில் பல, இடையில் டிஜிட்டல் பதிவு செய்து அதிலிருந்து வெட்டப்பட்டவை என்பது அந்த ஆண்டு வெளியே வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, வழக்கும் தொடுக்கப்பட்டது. ஆனால், அதுவரை தேர்ந்த காதுகள்கூட அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவில்லை. நல்ல நாடா, பொறுமை, கைதேர்ந்த பொறியாளர் ஆகிய மூன்றும் இருந்தால், எண்களாக மாற்றிய ஒலியும் சிறப்பாகவே இருக்கும் என்பதுதான் இதில் கிடைத்த பாடம்.

சிடி வாங்க ஆள் எங்கே?

உண்மைக் காரணம் கடையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 900 மில்லியனுக்கும் அதிகமான சிடிகள் விற்பனைக்குச் சென்றன. 2022இல் அது ஏறக்குறைய 33 மில்லியனாகச் சுருங்கியது. அதே ஆண்டில் வினைல் தட்டுகள் 41 மில்லியன். 1987க்குப் பிறகு, எண்ணிக்கையில் தட்டு சிடியை முந்தியது அதுவே முதல் முறை.

சிடியின் வேலையை இணையம் எடுத்துக்கொண்டது. பாட்டைக் கேட்க மட்டும் விரும்புபவர் கைப்பேசியில் கேட்டுவிடுகிறார். காசு கொடுத்து ஒரு பொருளை வாங்குபவர், அது கையில் கனமாக இருக்க வேண்டும், கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். புளூ நோட் உறைகள் அதற்கென்றே பிறந்தவை. ஒலிப்பதிவின்போது பிரான்சிஸ் உல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களும், ரீட் மைல்ஸ் செய்த எழுத்து வடிவமைப்பும் 12 அங்குலச் சதுரத்துக்காக உருவானவை. சிடி உறையில் அவை தபால்தலை போலச் சிறுத்துவிடும்.

பழைய பொருளோடு வரும் போட்டியையும் பார்க்க வேண்டும். 1950களில் அச்சான அசல் புளூ நோட் தட்டு நல்ல நிலையில் கிடைப்பது அரிது. ஹாங்க் மோப்லியின் 1957ஆம் ஆண்டுத் தட்டின் முதல் அச்சு போன்றவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். அப்படியிருக்க, 30 டாலருக்கு மேல் விலை வைத்துப் புதுத் தட்டு வந்தாலும் அது மலிவாகவே தெரிகிறது. சிடியின் நிலை நேர்மாறானது. வான் கெல்டரே தன் பழைய பதிவுகளைத் திருத்தி எடுத்த ‘ஆர்விஜி பதிப்பு’ சிடிகள் 1990களின் இறுதி முதல் ஏராளமாக வந்தன. அவை பழைய பொருள் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, புதிய சிடியை யார் வாங்குவார்?

சட்டமும் உரிமமும்

ஐரோப்பியச் சட்டமும் சிடியின் காலை வாரியது. அங்கே ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பு முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது. 2013இல் அது 70 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டாலும், அதற்குள் காலம் முடிந்துவிட்ட பதிவுகளுக்கு அது திரும்பப் பொருந்தவில்லை. அதனால் 1962க்குள் வெளியான ஜாஸ் தட்டுகள் அங்கே பொதுச்சொத்து. புளூ நோட்டின் பொற்காலத்தில் பெரும் பகுதி அதில் அடங்கிவிட்டது. நான்கு ஆல்பங்களை இரண்டு சிடிகளில் அடைத்து மலிவு விலைக்கு விற்கும் சிறு நிறுவனங்கள் அங்கே முளைத்தன. சிடியை எவரும் நகல் எடுக்கலாம். நகல் எடுக்க முடியாதது ஒன்றே ஒன்று: நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கும் மூல நாடா. ‘நேராக நாடாவிலிருந்து’ என்ற சொல் விளம்பரமாகவும் கேடயமாகவும் ஆனது இப்படித்தான்.

உரிமம் கொடுக்கும் முறையும் ஒரு காரணம். பெரிய நிறுவனம் ஒரு சிறு நிறுவனத்துக்கு உரிமம் தரும்போது, ஆல்பத்தை முழுதாக எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. தட்டுக்கு ஒன்று, சிடிக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகவே பேசப்படும்; எத்தனை பிரதி என்பதும் வரையறுக்கப்படும். இணைய வருமானத்தைப் பெரியவர் தன் கையில் வைத்துக்கொண்டு, தட்டுக்கு மட்டும் அனுமதி கொடுப்பார். சிடியும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று சிறியவர் நினைத்தாலும் முடியாது.

இதெல்லாம் தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல என்பதற்கு ஜப்பானைப் பார்த்தால் போதும். சிடி வாங்கும் பழக்கம் அங்கே இன்னும் உயிரோடு இருப்பதால், புளூ நோட் ஆல்பங்களும் தொடர்ந்து சிடியாக வருகின்றன. வாங்க ஆள் இருக்கும் இடத்தில் சரக்கும் இருக்கிறது.

இழப்பது யார்?

தட்டு மீண்டும் எழுந்ததால் ஜாஸுக்கு நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. யாரும் தொடாமல் கிடந்த நாடாக்கள் வெளியே எடுக்கப்பட்டன. பெயர் மறந்துபோன கலைஞர்களின் படைப்புகள் மறுபடி கடைக்கு வந்தன. தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம்தான் என்பதால், கலைஞர்கள் நினைத்த வரிசையிலேயே ஆல்பத்தைக் கேட்கும் பழக்கமும் திரும்பியது.

ஆனால், இழப்பும் இருக்கிறது. சிடி காலத்தில் 70 நிமிடத்துக்கு மேல் இடம் இருந்ததால், அதே பாடலின் வேறு வாசிப்புகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு கலைஞர் முதல் முறை எப்படி வாசித்தார், அடுத்த முறை எதை மாற்றினார் என்று இளம் வாசிப்பாளர்கள் பாடம் கற்றது அவற்றில்தான். மூல ஆல்பத்தை அப்படியே தரும் புதிய தட்டுகளில் பெரும்பாலும் அவற்றுக்கு இடமில்லை.

அதைவிடப் பெரிய கவலை வேறு. மூல நாடாவை வெளியே எடுத்து, தேர்ந்த பொறியாளரைக் கொண்டு செய்யும் நல்ல வேலையின் பலன், நல்ல தட்டுக்கருவியும் முள்ளும் வாங்க வசதியுள்ளவர்களுக்கு மட்டும் போய்ச் சேருகிறது. மற்றவர்கள் இணையத்தில் கேட்பது பெரும்பாலும் முன்பு எப்போதோ செய்யப்பட்ட மாற்றத்தைத்தான். நாடாவுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்து ஓட்டக்கூடிய பொருள் அல்ல அது. அலமாரியிலிருந்து எடுத்த அன்றே, தட்டுக்காக ஒருமுறை, மற்ற எல்லாருக்காகவும் ஒருமுறை என்று ஓட்டிவிட்டால் என்ன?

அன்று ஷார்ட்டரும் நண்பர்களும் வாசித்த இசை ஒருமுறை 15 ஆண்டுகள் அலமாரியில் காத்திருந்தது. இன்று அது வெளியேதான் இருக்கிறது. ஆனால், அதன் மிகச் சிறந்த வடிவத்தைக் கேட்பதற்கு முதலில் ஒரு கருவியின் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.